பெயரோடு பகிர்வோம்

கீழ் வகுப்புகளில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் எங்கள் தங்கைமார் பலருக்கு ஸ்க்ரட்ச் என்ற பெயர் புதிதல்ல. திரையில் செம்மஞ்சள் நிறப் பூனை ஒன்று நிற்கும். வண்ண வண்ணக் கட்டளைத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தினால் அது நடக்கும், பேசும், துள்ளும். அடைப்புக்குறி விட்டுப்போனது, எழுத்து மாறிப்போனது என்ற தலையிடி கிடையாது. செய்நிரலாக்கத்தின் அரிச்சுவடி என்றே இதைச் சொல்லலாம்.

அந்தப் பூனையை நடக்கவைப்பது எப்படி என்று பாடத்தில் படிக்கிறோம். ஆனால் நடக்கவைத்த கட்டளைகளை ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கும்போது எதை எழுதிவைக்க வேண்டும் என்று நாம் பேசுவது குறைவு. இந்தக் கட்டுரையில் இரண்டையும் சேர்த்தே சொல்லப் போகிறேன். எமது சஞ்சிகையைப் பெற்றோரும் வாசிப்பதால், கணினியைத் தொட்டிராதவருக்கும் விளங்கும்படி எழுத முயன்றிருக்கிறேன்.

அசைவு எப்படிப் பிறக்கிறது?

திரையில் எதுவும் உண்மையில் அசைவதில்லை. சற்றே வேறுபட்ட படங்கள் வேகமாக மாறும்போது எமது கண் அதை அசைவு என்று எடுத்துக்கொள்கிறது. ஸ்க்ரட்ச் பூனைக்கு இரண்டு தோற்றங்கள் உண்டு. ஒன்றில் கால்கள் ஒரு நிலையில் இருக்கும், மற்றதில் வேறு நிலையில் இருக்கும். "10 அடி நகர், அடுத்த தோற்றத்துக்கு மாறு, 0.2 செக்கன் பொறு" என்ற மூன்று கட்டளைகளையும் "எப்போதும்" என்ற துண்டுக்குள் வைத்தால் பூனை நடக்கும். "ஓரத்தைத் தொட்டால் திரும்பு" என்ற துண்டையும் சேர்த்தால் திரைக்கு வெளியே போகாது.

இனி எமது ஊர் உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். நாங்கள் இருக்கும் கோப்பாயில் வேலிக்கு வேலி பனை நிற்கிறது. பனங்காய் விழுவதைத் திரையில் காட்ட வேண்டும். ஸ்க்ரட்ச் மேடை 480 அலகு அகலமும் 360 அலகு உயரமும் கொண்டது. நடுப்புள்ளி பூச்சியம். மேலே போனால் நேர் எண், கீழே போனால் மறை எண். காயின் உயரம் தொடக்கத்தில் 150, நிலம் மறை 140 என்று வைத்துக்கொள்வோம்.

ஒவ்வொரு தடவையும் உயரத்தில் 10 ஐக் குறைத்தால் காய் மாறா வேகத்தில் இறங்கும். அது பனங்காய் விழுவதுபோல இருக்காது, கிணற்றுக்குள் வாளி இறங்குவதுபோல இருக்கும். ஆகவே "வேகம்" என்ற பெயரில் ஒரு மாறியை உருவாக்குகிறோம்.

வேகத்தைப் பூச்சியம் ஆக்கு.
காய் நிலத்தை அடையும் வரை பின்வரும் இரண்டையும் மீளச் செய்:
வேகத்தை மறை 1 ஆல் மாற்று.
உயரத்தை வேகத்தின் அளவால் மாற்று.

முதல் தடவை 1 அலகு, அடுத்த தடவை 2, பிறகு 3 என்று காய் வரவர வேகமாக விழும். உயர்தரத்தில் பௌதிகவியல் படிப்பவர்கள் சீரான ஆர்முடுகல் என்று சொல்வது இதைத்தான். 24 ஆவது தடவையில் காய் மொத்தம் 300 அலகு இறங்கியிருக்கும்.

இதில் ஒரு சிறு குறை இருக்கிறது. நிலம் 290 அலகு கீழேதான் உள்ளது. 23 ஆவது தடவையில் காய் 276 அலகு இறங்கியிருக்கும், இன்னும் நிலத்தைத் தொட்டிராது. அடுத்த தடவை 24 அலகு ஒரேயடியாக இறங்குவதால் நிலத்துக்குள் 10 அலகு புதைந்துவிடும். இதை எப்படிச் சரிசெய்வது என்று வாசிக்கும் தங்கைமார் யோசித்துக்கொண்டிருங்கள். விடை பின்னால் வருகிறது.

எது பொது, எது ஒருவருடையது?

"அடுத்த தோற்றம், சற்றுப் பொறு" என்ற கட்டளைகள் எல்லோருக்கும் பொதுவானவை. அவற்றுக்கு எவருடைய பெயரையும் போடத் தேவையில்லை. அகர வரிசையைப் பயன்படுத்தியதற்கு யாருக்கும் நன்றி எழுதுவதில்லை அல்லவா? விழும் பொருள் வேகம் கூடி விழும் என்பதும் இயற்கை விதி. அதற்கும் எவரும் உரிமை கோர முடியாது.

ஆனால் காய் கீழே வரவர அதன் நிழல் நிலத்தில் பெரிதாகும்படி ஒருத்தி கட்டளை எழுதினால் அது அவளுடைய ஆக்கம். விழும் சத்தத்துக்குக் கோழி வெருண்டு ஓடும்படி அமைத்து, தன் வீட்டுக் கோழியின் குரலைப் பதிவுசெய்து சேர்த்திருந்தால் அதுவும் அவளுடையதே.

எமது நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இப்படித்தான் பிரிக்கிறது. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், நூல்களையும் கட்டுரைகளையும் சொல்லும் அதே இடத்தில் கணினிச் செய்நிரல்களையும் பாதுகாக்கப்படும் ஆக்கங்களாகக் குறிப்பிடுகிறது. வெறும் எண்ணத்துக்கோ வழிமுறைக்கோ கோட்பாட்டுக்கோ பாதுகாப்பு இல்லை. ஒருவர் அதை வெளிப்படுத்திய வடிவத்துக்கே பாதுகாப்பு. ஆக்கத்தை விற்று வரும் வருமானம் வேறு. தன் பெயர் தன் ஆக்கத்தில் குறிக்கப்பட வேண்டும் என்ற உரிமை வேறு. இந்த இரண்டாவதைச் சட்டம் ஒழுக்க உரிமை என்று தனியாகவே வைத்திருக்கிறது.

பெயர் எப்படி உதிர்கிறது?

தரம் 8 இல் படிக்கும் என் தங்கச்சி இப்படியொரு பனங்காய் அசைவூட்டம் செய்தாள். நிழல் பெரிதாகும் யோசனையும் கோழியும் அவளுடையவைதான். கோழிக் குரலைப் பதிவுசெய்ய வாப்பாவின் கைபேசியோடு இரண்டு நாள் பின்வளவில் திரிந்தாள். மேலே சொன்ன அந்தக் குறை மட்டும் அவளுக்குப் பிடிபடவில்லை. காய் ஒவ்வொரு முறையும் சற்று மண்ணுக்குள் போய் நின்றது. அப்படியே பென் டிரைவில் போட்டுத் தோழி ஒருத்திக்குக் கொடுத்தாள்.

சில மாதங்களின் பின் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு கணினியில் அதே பனங்காய் விழுந்தது. மழையும் ஒரு நாயும் புதிதாகச் சேர்ந்திருந்தன. பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையில் வேறொரு பிள்ளையின் பெயர் மட்டும் இருந்தது. தங்கச்சி என் கையைப் பிடித்து இழுத்து, "ராத்தா, அந்தக் கோழி எங்கட கோழி" என்றாள். இன்னும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டு, "காய் சரியா நிலத்தில நிக்குது. எப்படிச் செஞ்சவ?" என்று கேட்டாள்.

அந்தப் பிள்ளை திருடியவள் அல்ல. அவளோடு நான் பேசினேன். மூன்று பேர் கைமாறித்தான் கோப்பு அவளிடம் வந்திருக்கிறது. அதில் எந்தப் பெயரும் இல்லை. யார் செய்தது என்று கேட்டதற்கு, கொடுத்தவளுக்கும் தெரியவில்லையாம். மழையையும் நாயையும் அவள்தான் செய்தாள், மிக நன்றாகவே செய்திருந்தாள். காயை நிலத்தில் நிறுத்தியது அவளுமல்ல, இடையில் வந்த யாரோ ஒருத்தி.

வீட்டுக்கு வந்த பிறகு தங்கச்சி பென் டிரைவை வெளியே கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். வகுப்புத் தோழி ஒருத்தி நிழலை எப்படிப் பெரிதாக்குவது என்று கேட்டபோது, தெரியாது என்று சொல்லியிருக்கிறாள். அவளுக்குத் தெரியும். "கேட்டிருந்தா நான் குடுத்திருப்பன்தானே ராத்தா" என்று உம்மாவுக்குக் கேட்காமல் என்னிடம் சொன்னாள்.

பெயர் உதிர்ந்ததால் இங்கே மூன்று பேருக்கு நட்டம். கோழியைச் செய்தவளுக்குப் பாராட்டு வரவில்லை. காயை நிலத்தில் நிறுத்தியவள் யார் என்று தெரியாததால், அந்த வித்தையைத் தேடிக்கொண்டிருந்தவள் போய்க் கேட்க முடியவில்லை. நிழலைப் பற்றிக் கேட்ட தோழிக்கோ, தெரிந்தவளிடமிருந்தே விடை கிடைக்கவில்லை. கூடிப் படிக்கும் இடத்தில் ஒருத்தி கையை மூடிக்கொண்டால் அடுத்தவளும் மூடிக்கொள்வாள்.

ஸ்க்ரட்ச் உலகில் நடந்தது

இந்தச் சிக்கல் எமக்கு மட்டும் வந்ததல்ல. ஸ்க்ரட்சை உருவாக்கியவர்கள் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் மிச்செல் ரெஸ்னிக் தலைமையில் இயங்கிய ஆய்வுக்குழுவினர். 2007 இல் அதைப் பொதுவெளிக்குக் கொண்டுவந்தபோது, பிள்ளைகள் செய்தவற்றை ஒருவரோடொருவர் பகிரவும் இடம் அமைத்தார்கள். பகிரப்பட்ட எந்த ஆக்கத்தையும் யாரும் உள்ளே திறந்து கட்டளைகளைப் பார்க்கலாம். விரும்பினால் மாற்றித் தன் ஆக்கமாக வெளியிடலாம். இதற்கு ரீமிக்ஸ் என்று பெயர். இசைத்தட்டுகளை முன்பின் சுழற்றிப் புது ஒலி உண்டாக்கும் கலைஞர்களின் முறைதான் ஸ்க்ரட்ச் என்ற பெயருக்கே மூலம். எடுப்பதும் கலப்பதும் அங்கே குற்றமல்ல, அதுதான் நோக்கம்.

ஆனாலும் சண்டை வந்தது. என்னுடையதை எடுத்துவிட்டார்கள் என்று பிள்ளைகள் முறையிட்டார்கள். அதனால் யாராவது ரீமிக்ஸ் செய்தால் இது இன்னாரின் ஆக்கத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற வரி தானாகவே விழும்படி கணினியில் ஏற்பாடு செய்தார்கள். பகிரப்படும் ஆக்கங்களுக்குக் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்ற அனுமதி முறையும் உண்டு. எடுக்கலாம், மாற்றலாம், ஆனால் மூலவரின் பெயரைச் சொல்ல வேண்டும், நீங்களும் அதே அனுமதியோடு பிறருக்குக் கொடுக்க வேண்டும் என்பதே அதன் சாரம்.

கணினி பெயரைப் போட்டதும் முறைப்பாடு ஓய்ந்துவிடும் என்றுதான் எவரும் நினைப்போம். அப்படி ஓயவில்லை. அந்திரேஸ் மொன்ரோய் ஹெர்னாண்டஸ் என்பவரும் அவருடைய சக ஆய்வாளர்களும் இதை ஆராய்ந்து 2011 இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். கணினியால் நன்றி சொல்ல முடியாது என்ற கருத்தே அதன் தலைப்பு. பிள்ளைகளோடு பேசிப் பார்த்தபோது, தானாக விழும் வரியைவிட, எடுத்தவர் தன் கையால் எழுதும் ஒரு வரியையே அவர்கள் பெரிதாக மதித்தார்கள். கணினி போடும் வரி எடுத்தவர் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் விழும். கையால் எழுதியவரோ மூலவரை ஒரு கணம் நினைத்துப் பார்த்திருக்கிறார். அந்த வேறுபாடு சிறு பிள்ளைகளுக்கும் தெளிவாகப் புரிந்திருக்கிறது.

எமது சூழலில் இன்னொரு விடயமும் உண்டு. தானாக விழும் அந்த வரி, இணையத்தில் ரீமிக்ஸ் பொத்தானை அழுத்தினால்தான் விழும். நாங்கள் ஸ்க்ரட்சைத் தரவிறக்கி இணையமில்லாமல் பயன்படுத்துகிறோம். கோப்பு பென் டிரைவிலும் வாட்ஸ்அப்பிலும் போகிறது. அங்கே கணினி எந்தப் பெயரையும் போடாது. இணையத்திலும் ஒருவரின் கட்டளைகளில் ஒரு பகுதியை மட்டும் முதுகுப்பை என்ற வசதியில் இழுத்துப் போட்டு எமது ஆக்கத்துக்குக் கொண்டுவந்தால் பெயர் கூடவே வராது. ஆகவே எமது ஊரில் பெயரைக் காப்பாற்றும் வேலை முழுவதும் எமது கையில்தான் இருக்கிறது.

எமக்குப் பழக்கமான வழி

பெயர்த்தொடரைக் காப்பது எமக்குப் புதிய பழக்கமல்ல. ஹதீஸ் பாடத்தில் மத்ன், இஸ்னாத் என்று இரண்டு சொற்களைப் படிக்கிறோம். மத்ன் என்பது செய்தி. இஸ்னாத் என்பது அது யார் யார் வழியாக வந்தது என்ற அறிவிப்பாளர் தொடர். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் முதலில் தமக்கு அறிவித்தவரின் பெயரைச் சொல்கிறார்கள். பிறகு அவருக்கு அறிவித்தவர், அதற்கு முந்தியவர் என்று தொடர் மேலே போகிறது. இடையில் ஒருவர் விடுபட்டால் தொடர் அறுந்ததாகக் கருதப்படும். மார்க்கத்தின் ஆதாரத்தையும் விளையாட்டுச் செய்நிரலையும் ஒரே தட்டில் வைப்பது என் நோக்கமல்ல. எனக்கு யார் தந்தார் என்பதிலிருந்து தொடங்கும் அந்த ஒழுங்கை மட்டும் இங்கே கற்றுக்கொள்ளலாம். ஆரம்பத்தில் செய்தவர் யாரென்று தெரியாவிட்டாலும், எனக்குத் தந்தவரை எனக்குத் தெரியும். ஒவ்வொருவரும் அந்த ஒரு பெயரை எழுதினாலே தொடர் அறாது.

ஊர் உதாரணமும் ஒன்று உண்டு. கோப்பாயிலிருந்து பருத்தித்துறை வீதியால் போனால் நீர்வேலியைத் தாண்டியதும் சிறுப்பிட்டி வரும். பழந்தமிழ் நூல்களை ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 இல் பிறந்த ஊர் அது. வீரசோழியம், இறையனார் அகப்பொருள், கலித்தொகை முதலியவற்றைப் பதிப்பித்தவர் அவர். ஏடுகளை ஊரூராகத் தேடிப் பலரிடமிருந்து பெற்று ஒப்பிட்டார். தமது பதிப்புரைகளில் ஏடு தேடிய பாட்டையும் உதவியவர்களையும் பற்றி எழுதினார். தொல்காப்பியச் சொல்லதிகாரத்துக்கான சேனாவரையர் உரை 1868 இல் அச்சில் வந்தபோது, பரிசோதித்தவர் ஆறுமுக நாவலர், பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. இன்றும் அந்நூலைப் பற்றிப் பேசுவோர் இருவரின் பங்கையும் அப்படியே பிரித்துச் சொல்கிறார்கள். இரண்டு பெயர் இருப்பதால் எவருடைய புகழும் குறையவில்லை.

எழுதும் முறை

ஸ்க்ரட்சில் கட்டளைகள் இருக்கும் வெற்றிடத்தில் சுட்டியின் வலப் பொத்தானை அழுத்தினால் குறிப்புச் சேர்க்கும் வசதி வரும். ஒரு மஞ்சள் தாள் திறக்கும். அதில் எழுதியது கோப்போடு சேர்ந்தே சேமிக்கப்படும். பென் டிரைவில் போனாலும் கூடவே போகும். அந்தத் தாளில் நான்கு வரிகள் போதும். மழையும் நாயும் சேர்ந்த அந்த ஆக்கத்தில் குறிப்பு இருந்திருந்தால் இப்படி இருந்திருக்கும்:

பெற்றது: பனங்காய் விழும் கட்டளையும் நிழலும் கோழியும் தரம் 8 மாணவி "பனிமலர்" செய்தவை.
வழி: என் வகுப்புத் தோழி "நீலக்கடல்" தந்தாள். காயைச் சரியாக நிலத்தில் நிறுத்தியவள் அவள்.
நான் செய்தது: மழை, நாய், நாய் குரைக்கும் சத்தம்.
நன்றி: கோழி வெருண்டு ஓடும் இடத்தைப் பார்த்துத்தான் நாயைச் சேர்க்கும் எண்ணம் வந்தது. நன்றி பனிமலர்.

மூன்றாவது வரியைக் கவனியுங்கள். எது தன்னுடையது என்று அவள் துணிந்து சொல்கிறாள். பெயர் போட்டால் எனக்குப் புள்ளி குறையுமோ என்று சிலர் பயப்படுவதுண்டு. உண்மையில் பெயர் போடாதபோதுதான் எது உங்கள் உழைப்பு என்று ஆசிரியைக்குத் தெரியாமல் போகிறது. நான்காவது வரியில் எதற்காக நன்றி என்று குறிப்பாகச் சொல்லியிருக்கிறாள். "நன்றி" என்ற ஒற்றைச் சொல்லைவிட இது செய்தவரின் மனதில் நெடுநாள் நிற்கும். இப்போது செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டும் கட்டளை பெறுகிறோம். அப்படிப் பெற்றால் முதல் வரியில் அதையும் எழுதிவிட வேண்டும்.

மேலே இருக்கும் பெயர்கள் புனைபெயர்கள் என்பதையும் கவனித்திருப்பீர்கள். பெயர் போடுவது என்றால் பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, படம், தொலைபேசி இலக்கம் எல்லாவற்றையும் இணையத்தில் போடுவதல்ல. ஸ்க்ரட்ச் தளமே பிள்ளைகளை உண்மைப் பெயரில் கணக்குத் தொடங்க வேண்டாம் என்றுதான் சொல்கிறது. நான் முன்பு சொன்ன சட்டமும் ஆக்குநர் புனைபெயர் வைத்துக்கொள்ளும் உரிமையை ஏற்கிறது. ஒருத்தி எப்போதும் ஒரே புனைபெயரைப் பயன்படுத்தினால் தோழிகளுக்கு அவளைத் தெரியும், அந்நியருக்குத் தெரியாது. பெற்றோரின் கவலைக்கும் அது மருந்து.

முன்பு கேட்ட கேள்விக்கு விடை இதோ. மீளச் செய்யும் பகுதி முடிந்தவுடன், அதன் கீழே "உயரத்தை மறை 140 ஆக்கு" என்ற ஒரேயொரு கட்டளையைச் சேர்த்தால் போதும். காய் 10 அலகு புதைந்தாலும் கண் அதைக் காணுமுன் நிலத்துக்கு வந்துவிடும். இந்த ஒரு வரிக்காக என் தங்கச்சி பல நாள் மினக்கெட்டாள். அதைக் கண்டுபிடித்தவளின் பெயர் கோப்பில் இருந்திருந்தால் ஒரு நாளில் கேட்டுப் படித்திருப்பாள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை கணினியில் ஏதாவது செய்து கொண்டுவந்து காட்டும்போது, "நீயேதான் செய்தாயா?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வி பிள்ளையை எல்லாம் என்னுடையது என்று சொல்லத் தூண்டும். அதற்குப் பதிலாக, "இதில் நீ செய்தது எது? மற்றது யார் தந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளை தன் பங்கைப் பெருமையோடு காட்டும். தோழியின் பெயரையும் தயங்காமல் சொல்லும்.

தங்கைமாரே, அடுத்த முறை பென் டிரைவைக் கொடுக்குமுன் கோப்பைத் திறந்து மஞ்சள் தாளில் அந்த நான்கு வரிகளையும் எழுதுங்கள். வாங்கும்போது அந்தத் தாள் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால், தந்தவளிடம் கேட்டு நீங்களே எழுதிவிடுங்கள்.